‘விசேஷம் உண்டா?’ என்று கேட்கும் ஊரில் பேசப் போகிறவர்களுக்கு

கல்யாணமாகி மூன்று மாதமான பெண் குடத்தோடு குழாயடிக்குப் போனால் முதலில் வந்து விழும் கேள்வி, "என்ன கண்ணு, விசேஷம் ஏதும் உண்டா?" ஆறு மாதத்தில் அது "டாக்டர்கிட்ட காட்டினீங்களா?" என்று மாறும். ஒன்றரை வருடம் தாண்டினால் கேள்வி நின்றுபோகும். அதற்குப் பிறகு பக்கத்து வீட்டு வளைகாப்புக்கு அவளைக் கூப்பிடலாமா வேண்டாமா என்று திண்ணையில் பேச்சு நடக்கும். இந்த ஒன்றரை வருடத்தில், "உனக்கு இப்போ பிள்ளை வேணுமா கண்ணு?" என்று ஒருவர்கூட அவளிடம் கேட்டிருக்க மாட்டார்கள்.

நான் தருமபுரி மாவட்டக் கிராமங்களில் பெண்கள் குழுக்களோடு பதினோரு வருடமாக வேலை செய்கிறேன். கல்லூரி முடித்துவிட்டு வருகிறவர்கள், குழுவில் புதிதாகச் சேர்ந்த ஊக்குநர்கள், வெளியூரிலிருந்து மருமகளாக வந்து பிள்ளை பெறுவதைப் பெண்ணே முடிவு செய்யலாம் என்று தன் தெருவிலாவது பேச வேண்டும் என்று நினைப்பவர்கள் எல்லோரும் என்னிடம் ஒரே விஷயத்தைத்தான் கேட்கிறார்கள்: எங்கே ஆரம்பிப்பது, என்ன சொல்வது, அடி வாங்காமல் எப்படித் திரும்பி வருவது. அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

ஊர் எதை எதிர்க்கிறது என்பதை முதலில் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள்

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. ஊர் குடும்பக் கட்டுப்பாட்டுக்கு எதிரி என்று நினைத்துக்கொண்டு வந்து, "அதிகம் பெற்றுக்கொள்ளாதீர்கள்" என்று பேசத் தொடங்குவார்கள். தமிழ்நாட்டுக் கிராமத்துக்கு அது பழைய பாடம். ‘நாம் இருவர் நமக்கு இருவர்’ என்று சிவப்பு முக்கோணத்தோடு சுவரில் எழுதிய காலத்திலேயே அதைப் படித்து முடித்துவிட்டார்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைதான்.

எண்ணிக்கையில் சண்டை இல்லை. எப்போது பெறுவது, எத்தனை வருடம் இடைவெளி விடுவது, எந்த முறையைப் பயன்படுத்துவது, வேண்டாத கர்ப்பத்தை என்ன செய்வது, பெறத்தான் வேண்டுமா என்பதை எல்லாம் அந்தப் பெண்ணே முடிவு செய்யலாம் என்பதைத்தான் ஊர் ஒப்புக்கொள்வதில்லை. வழக்கமான பாதை உங்களுக்கே தெரியும். இருபது வயதில் கல்யாணம், வருடம் திரும்புவதற்குள் ஒன்று, அது நடக்கத் தொடங்கும்போது இரண்டாவது, அந்தப் பிரசவத்தோடு கருத்தடை ஆபரேஷன். இருபத்தைந்து வயதுக்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. சீக்கிரம் பெறு என்று மாமியார் சொன்னார், போதும் என்று நர்ஸ் சொன்னார், சரி என்று கணவர் கையெழுத்துப் போட்டார். அவள் எதுவும் சொல்லவில்லை, அவளிடம் யாரும் கேட்கவுமில்லை.

இத்தனைக்கும் இந்த வாதம் நம் மண்ணுக்குப் புதிதல்ல. உடல்நலத்துக்காக, நாட்டின் வறுமைக்காகக் கருத்தடை வேண்டும் என்று மற்றவர்கள் சொல்லிக்கொண்டிருந்தபோது, பெண்ணின் விடுதலைக்காகவே அது வேண்டும் என்று பெரியார் 1930களிலேயே பிரித்துச் சொன்னார். ஆனால் ஊரில் பேசும்போது அவர் பெயரோடு தொடங்காதீர்கள். பாதிப் பேர் கட்சிப் பேச்சு என்று எழுந்து போய்விடுவார்கள். வாதத்தை மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

படித்துவிட்டுப் போங்கள்

ஊரில் பேச்சுத் திறமையை யாரும் சோதிக்க மாட்டார்கள். "காப்பர்-டி போட்டா அது நெஞ்சுக்கு ஏறிடுமாமே?" என்று ஓர் அக்கா கேட்பார். நீங்கள் தயங்கினால் அன்றோடு முடிந்தது. ஆகவே இவற்றைத் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள்.

காப்பர்-டி என்பது கர்ப்பம் தரிக்காமல் இருக்க வைக்கும் சிறு சாதனம். அது கர்ப்பப்பைக்குள் இருக்கும், அங்கிருந்து நெஞ்சுக்குப் போக வழியே கிடையாது. அரசு மருத்துவமனையில் போடுவதில் ஒரு வகை ஐந்து வருடம், இன்னொரு வகை பத்து வருடம் வேலை செய்யும், ஆனால் எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம், எடுத்த உடனே கர்ப்பம் தரிக்க முடியும். முதல் சில மாதங்களில் மாதவிலக்கு அதிகமாகப் போகலாம், வலிக்கலாம். இதை மறைக்காமல் சொல்லுங்கள். ரத்தசோகை நம் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் இருக்கிறது, அதனால் போடுவதற்கு முன் ரத்தம் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அந்தரா என்பது மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் கருத்தடை ஊசி. யாருக்கும் தெரியாமல் போட்டுக்கொள்ளலாம் என்பதால் பல பெண்கள் இதைக் கேட்கிறார்கள். மாதவிலக்கு தாறுமாறாகும், சிலருக்கு நின்றே போகும், ஊசியை நிறுத்திய பிறகு கர்ப்பம் தரிக்க ஏழு முதல் பத்து மாதம்வரை தாமதமாகலாம். இதைச் சொல்லாமல் விட்டால், நாள் தள்ளிப்போனதும் அவள் பயந்து சாவாள், நீங்கள் பொய் சொன்னதாகத்தான் ஊர் பேசும். சாயா ஹார்மோன் இல்லாத கருத்தடை மாத்திரை, லக்னோ ஆய்வகத்தில் நம் நாட்டிலேயே கண்டுபிடித்தது. முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, பிறகு வாரத்துக்கு ஒன்று. மாலா-என் தினமும் போட வேண்டிய மாத்திரை, பச்சைக் குழந்தைக்குப் பால் கொடுக்கிறவர்களுக்கு முதல் ஆறு மாதம் கூடாது. நிரோத் (ஆணுறை) எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் யாரும் கேட்டு வாங்க மாட்டார்கள், கூச்சம். இவை எல்லாம் அரசு சுகாதார நிலையங்களில் இலவசம்.

இதில் எதையும் நீங்கள் "போட்டுக்கோ" என்று சொல்லக் கூடாது. என்னென்ன இருக்கிறது என்று சொல்வதோடு உங்கள் வேலை முடிகிறது. எது யாருக்குப் பொருந்தும் என்பதை மருத்துவர் பார்க்கட்டும், வேண்டுமா என்பதை அவள் பார்க்கட்டும்.

இன்னொன்று. ஆபரேஷனுக்குக் கணவர் கையெழுத்து வேண்டும் என்று ஊரே நம்புகிறது, சில இடங்களில் கேட்கவும் செய்கிறார்கள். அரசு வழிகாட்டுதலின்படி கருத்தடை அறுவைக்கு, செய்துகொள்பவரின் சம்மதம் போதும், துணையின் சம்மதம் கட்டாயமில்லை. அதேபோல் செய்துகொள்ள மாட்டேன் என்று சொல்லவும் அவளுக்கு முழு உரிமை உண்டு. பிரசவ வலியில் இருக்கும் பெண்ணிடம் ஆபரேஷனுக்குக் கையெழுத்து வாங்குவதை நான் பார்த்திருக்கிறேன். அது சம்மதமே ஆகாது.

முதலில் யாரைப் பார்ப்பது

ஊராட்சித் தலைவரையோ ஊர்க்கவுண்டரையோ பார்த்து அனுமதி கேட்டுவிட்டுத் தொடங்கினால் நல்லது என்று தோன்றும். கேட்டால் அவர் "அதெல்லாம் நம்ம ஊருக்கு எதுக்கும்மா" என்பார், அதற்குப் பிறகு நீங்கள் எது பேசினாலும் அது அவர் சொல்லை மீறியதாகிவிடும். அவரிடம் "பெண்கள் உடல்நலம், ரத்தசோகை பற்றிப் பேச வந்திருக்கிறோம்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். அது பொய்யும் இல்லை.

நீங்கள் முதலில் பார்க்க வேண்டியவர் கிராம சுகாதாரச் செவிலியர். ஊரில் யாருக்கு எப்போது நாள் தள்ளிப்போனது, யார் எத்தனை மாதம் என்பது அவருக்குத் தெரியும். தலைக்கு மேல் வேலை, மாத இலக்கு வேறு. அவருடைய வேலையைக் குறை சொல்லிக்கொண்டு ஊருக்குள் நுழைந்தால் உங்களுக்குக் கதவு திறக்காது. அவரோடு இரண்டு நாள் நடந்து பாருங்கள். அப்புறம் அங்கன்வாடி அக்கா, அப்புறம் குழுவில் வாய்ப்பேச்சுக்காரராக இல்லாமல் எல்லோரும் நம்புகிற ஒருவர். ஒவ்வோர் ஊரிலும் அப்படி ஒருவர் இருப்பார், பெரும்பாலும் கணவரை இழந்தவர், அல்லது ஏதோ ஒரு கஷ்டத்தில் ஊருக்கே துணை நின்றவர். அவர் யார் என்று தெரிய மூன்று மாதம்கூட ஆகலாம்.

காலனிக்கும் ஊருக்கும் தனித்தனியாகப் போங்கள். ஒரே கூட்டத்தில் உட்காரவைத்துப் பேசிவிடலாம் என்று நினைக்காதீர்கள். ஒரு பக்கத்தில் பேசியது மறு பக்கத்துக்குப் போனால் எந்தப் பெண்ணுக்கு என்ன நடக்கும் என்று உங்களால் கணிக்க முடியாது.

இடம், நேரம், வார்த்தை

மைக் வேண்டாம், பேனர் வேண்டவே வேண்டாம். நூறு நாள் வேலையில் மரத்தடியில் சாப்பிட உட்காரும்போது, புளி உடைக்கும்போது, பருத்தி எடுக்கும்போது, நிலக்கடலை ஆயும்போது என்று கை வேலையில் இருக்கும் நேரம்தான் சரியான நேரம். கண்ணைப் பார்த்துப் பேச வேண்டியதில்லை என்பதால் கூச்சம் குறையும், நடுவில் மௌனம் வந்தாலும் யாருக்கும் சங்கடம் இருக்காது. நீங்களும் கூடவே புளி உடையுங்கள். சும்மா உட்கார்ந்து பேசுகிறவர்களை ஊர் நம்பாது.

‘இனப்பெருக்கச் சுதந்திரம்’, ‘உடல்மீதான உரிமை’ போன்ற சொற்களை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். அவை தவறான சொற்கள் அல்ல, எனக்கு மிகவும் பிடித்த சொற்கள், ஆனால் மேடைச் சொற்கள். ஊர் தன் மொழியில் இதையெல்லாம் ஏற்கெனவே பேசிக்கொண்டுதான் இருக்கிறது. "உடம்பு தேறவேயில்ல, அதுக்குள்ள அடுத்தது", "கைப்பிள்ளைக்குப் பால் மறக்கல, மறுபடி முழுகாம இருக்கா", "எனக்கு விருப்பமில்ல, அவுரு கேக்கல" என்று பெண்கள் பேசுவதைக் காது கொடுத்துக் கேளுங்கள். அந்தச் சொற்களிலேயே கேள்வி கேளுங்கள். "உனக்குத் தேறுறதுக்கு எவ்ளோ நாளாச்சுக்கா?" இந்த ஒரு கேள்வி அரைமணி நேரம் ஓடும்.

முதல் இரண்டு மாதம் எந்தத் தகவலும் சொல்லாதீர்கள் என்றுதான் நான் புதியவர்களிடம் சொல்வேன். கேட்டால் மட்டும் பதில். கஷ்டமாகத்தான் இருக்கும், ஏனென்றால் நமக்குத் தெரிந்ததை உடனே சொல்லிவிட வேண்டும் என்று துடிக்கும்.

மாமியாரை எதிரியாக்காதீர்கள்

இந்த வேலையில் பாதி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மருமகளைத் தனியாக இழுத்துப் பேசினால் நீங்கள் குடும்பத்தைக் கெடுக்க வந்தவர். மாமியாரிடம் நேராகப் போய் "உங்கள் மருமகள் மூன்று வருடம் இடைவெளி விடட்டும்" என்றால், "எங்க காலத்துல இதெல்லாம் இருந்துச்சா" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்.

அவர் காலத்தைப் பற்றியே கேளுங்கள்.

ஒரு பெரியம்மாவை நினைத்துக்கொள்கிறேன். மருமகளை நர்ஸோடு பேசக்கூட விடாதவர். ஒருநாள் அவரோடு நிலக்கடலை ஆய்ந்துகொண்டிருந்தபோது, "உங்களுக்கு எத்தனை பிரசவம் பெரியம்மா?" என்று கேட்டேன். "ஏழு. தங்குனது நாலு" என்றார். ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒன்று களத்துமேட்டில் பிறந்தது. ஒன்று மூன்றாம் நாள் போய்விட்டது, மறுநாளே வேலைக்குப் போனாராம். ஐந்தாவதுக்குப் பிறகு போதும் என்று நினைத்தாராம். "அப்புறம் ஏன் பெரியம்மா?" என்றேன். ஆய்ந்துகொண்டிருந்த கை நின்றது. "என்னை யாரு கண்ணு கேட்டா?" என்றார்.

அன்றைக்கு நான் வேறு எதுவும் பேசவில்லை. இரண்டு வாரம் கழித்து, "உங்களைத்தான் யாரும் கேக்கல, உங்க மருமகளை நீங்க ஒரு வார்த்தை கேக்கலாமே பெரியம்மா" என்று மட்டும் சொன்னேன். உடனே மாறிவிடவில்லை, ஒரு மாதம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் அந்த வீட்டில் இரண்டாவது குழந்தை நாலு வருடம் கழித்துத்தான் பிறந்தது, துணை சுகாதார நிலையத்துக்கு மருமகளைக் கூட்டிப் போனவரும் அவரே.

எல்லா மாமியார்களும் இப்படி மாற மாட்டார்கள். மாறாத வீடுகளில் மருமகளுக்கு ஆபத்து இல்லாமல் பார்த்துக்கொள்வதே பெரிய வேலை.

ஊர் சொல்லும் மறுப்புகள்

"முதல்ல ஒண்ணு பெத்துக்கட்டும், அப்புறம் தள்ளிப்போடட்டும். முதல்லயே தள்ளிப்போட்டா தங்காமலே போயிடும்." இதைத்தான் அதிகம் கேட்பீர்கள். இது கெட்ட எண்ணத்தில் வருவதல்ல. பிள்ளை இல்லாத பெண்ணை இந்த ஊர் என்ன பாடு படுத்தும் என்று தெரிந்தவர்களின் பயம் அது. "அப்படியெல்லாம் ஆகாது" என்று தள்ளிவிடாமல், எந்த முறையை நிறுத்தினால் எத்தனை நாளில் கர்ப்பம் தரிக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். ஊசிக்குத் தாமதம் உண்டு என்பதை நீங்களே ஒப்புக்கொண்டால், மற்றவற்றுக்கு இல்லை என்று சொல்வதை நம்புவார்கள். பிள்ளை தங்காத பெண்களுக்காகவும் பேசுங்கள். மலடி என்ற சொல் காதில் விழும் இடத்தில் அதைக் கண்டிக்காமல் விட்டுவிட்டு, பெண்ணின் விருப்பம் பற்றி நீங்கள் பேசினால் அது பாதிப் பேச்சு. அந்த வீட்டில் கணவருக்கும் பரிசோதனை செய்ய வேண்டும் என்று சொல்வதும் இந்த வேலைதான்.

"பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்கன்னு பெரியவங்க சொல்லியிருக்காங்களே." அந்தப் பதினாறு பிள்ளைகள் அல்ல, கல்வி, நோயின்மை, நீண்ட ஆயுள் என்று போகும் பதினாறு பேறுகள், நன்மக்கள் அதில் ஒன்று. ஊர்ப் பெரியவர்களுக்கு இது பிடிக்கும், அவர்களிடமே கேட்டுச் சொல்லவையுங்கள். 2024 அக்டோபரில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் ஒரு திருமண விழாவில், மக்கள்தொகை குறைவால் தமிழ்நாட்டின் நாடாளுமன்றத் தொகுதிகள் குறையலாம் என்ற தொகுதி மறுவரையறைப் பேச்சைச் சொல்லி, பதினாறு பிள்ளை பெறலாமா என்று நினைக்கும் நிலை வந்திருக்கிறது என்ற பொருளில் பேசினார். அதிலிருந்து "முதலமைச்சரே பெத்துக்கச் சொல்லிட்டாரு" என்ற பேச்சும் சேர்ந்துவிட்டது. இதில் கட்சி பேசாதீர்கள். அன்று ஓர் அரசு குறைத்துக்கொள் என்றது, இன்று இன்னொரு கணக்கு வருகிறது, தொகுதிக்காகவும் சாதிக்காகவும் மதத்துக்காகவும் யார் கணக்குப் போட்டாலும் சுமக்கப்போவது இவள்தானே என்று கேளுங்கள். "நம்ம சாதி குறைஞ்சிடும்" என்று கூசாமல் சொல்லும் இடத்திலும் இதே பதில்தான்.

மதம் சார்ந்த மறுப்பில் வாதம் செய்து ஜெயிக்கப் பார்க்காதீர்கள். கத்தோலிக்கக் குடும்பங்களில் 1968இல் திருத்தந்தை ஆறாம் பவுல் வெளியிட்ட போதனையின்படி செயற்கை முறைகள் கூடாது என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் நாள் கணக்குப் பார்க்கும் இயற்கை முறையைப் பற்றிப் பேசலாம், அது தவறிப்போகும் வாய்ப்பு அதிகம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். முஸ்லிம் குடும்பங்களில் தற்காலிக முறைகளை ஏற்கும் ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) பலர் உண்டு, நிரந்தர ஆபரேஷனுக்குத்தான் தயக்கம் அதிகம். அவளுடைய நம்பிக்கையும் அவள் எடுக்கும் முடிவில் ஒரு பங்குதான், அதை மதியுங்கள்.

ஆண்களிடம்

பெண்கள் போய் டீக்கடையில் பேச முடியாது என்பது உண்மைதான். அதற்கு ஓர் ஆணைத் தயார் செய்யுங்கள். எங்கள் பக்கத்தில் லாரியில் லோடு ஏற்றும் ஒருவர் வாசக்டமி (ஆண் கருத்தடை அறுவை) செய்துகொண்டவர், தானே முன்வந்து பேசுகிறார். "கண்ணு முன்னாடி மூட்டை தூக்குறேன், என்ன பலம் போச்சு?" என்று அவர் கேட்டால் அதற்குமேல் விளக்கம் தேவையில்லை. ஆனாலும் விஷயத்தைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்: கட்டுவது விந்தணு வரும் குழாயை மட்டும், ஆண்மைக்கான ஹார்மோன் ரத்தத்தில் போவது, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தையல்கூட இல்லாத சிறு சிகிச்சை, அன்றே வீட்டுக்குப் போகலாம், கனமான வேலைக்கு ஒரு வாரம் ஓய்வு. செய்த பிறகு மூன்று மாதம் நிரோத் கட்டாயம். இதைச் சொல்லாமல் விட்டதால் ஒரு வீட்டில் கர்ப்பம் ஆகி, அந்தப் பெண்ணின் நடத்தையைச் சந்தேகப்பட்டு அடித்தே விட்டார்கள். மறக்காமல் சொல்லுங்கள்.

ஆண்களின் பயத்துக்கு ஒரு வரலாறு உண்டு. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77 ஒரே ஆண்டில் நாடு முழுவதும் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நடந்தன, பெரும்பாலும் ஆண்களுக்கு, அதில் பலவந்தமும் இருந்தது. அதற்குப் பிறகு எல்லாப் பாரமும் பெண் பக்கம் சாய்ந்தது. 2019-21 ஆய்வில் இந்தியா முழுவதும் மணமான பெண்களில் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள் 37.9 சதவீதம், கணவர் செய்துகொண்டது 0.3 சதவீதம். வயதானவர்களிடம் அந்தக் காலத்தைப் பற்றிக் கேளுங்கள், "விருப்பமில்லாம செய்யுறது எவ்ளோ தப்பு" என்று அவர்களே சொல்வார்கள். அது பெண்ணுக்கும் பொருந்தும்தானே என்று நீங்கள் சொல்ல இடம் கிடைக்கும்.

கருக்கலைப்பு பற்றிப் பேசும்போது

இதை நீங்களாக எடுக்காதீர்கள். கேட்டு வருவார்கள், பெரும்பாலும் இருட்டிய பிறகு, "எங்க சொந்தத்துல ஒரு பொண்ணுக்கு" என்று. அந்தச் சொந்தக்காரப் பெண் யார் என்று தோண்டாமல் பதில் சொல்லுங்கள்.

கருக்கலைப்பே சட்டவிரோதம் என்று ஊர் நம்புவதற்குக் காரணம் ஸ்கேன் சென்டர் பலகை. ஆணா பெண்ணா என்று பார்ப்பது 1994 சட்டப்படி குற்றம், அது வேறு. பெண் சிசுக்கொலையும் தொட்டில் குழந்தைத் திட்டமும் நடந்த மாவட்டங்கள் நம்முடையவை, அந்தச் சட்டம் தேவையானது, அதைத் தளர்த்திப் பேசாதீர்கள். ஆனால் வேண்டாத கர்ப்பத்தைக் கலைப்பதற்கு 1971 முதலே சட்டம் இருக்கிறது. 2021 திருத்தத்துக்குப் பிறகு, 20 வாரம்வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். 20 முதல் 24 வாரம்வரை, பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள், 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள், கர்ப்பமாக இருக்கும்போது கணவரை இழந்தவர்கள், மணவிலக்குப் பெற்றவர்கள் போன்ற சிலருக்கு இரண்டு மருத்துவர்கள் சம்மதித்தால் செய்யலாம். கருத்தடை முறை தவறிப்போனதும் ஒரு காரணமாகவே ஏற்கப்படுகிறது, கல்யாணம் ஆகியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை. 18 வயது நிறைந்த, தானே முடிவெடுக்கக்கூடிய பெண்ணுக்கு அவள் கையெழுத்து மட்டும் போதும், கணவரோ அப்பாவோ வேண்டாம். அவள் யார் என்பதைச் சட்டம் அனுமதிக்காத ஒருவரிடம் மருத்துவர் வெளியிட்டால் ஒரு வருடம்வரை சிறை. 2022 செப்டம்பர் 29 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் மணமாகாத பெண்களுக்கும் 24 வாரம்வரை அதே உரிமை உண்டு என்றது, விருப்பமில்லாமல் கணவரால் உண்டான கர்ப்பத்தையும் இந்தச் சட்டத்தின் தேவைக்காக வன்புணர்வில் சேர்த்துக்கொண்டது.

சட்டம் இப்படி இருக்க நடைமுறை வேறு. "கணவரைக் கூட்டிட்டு வா" என்பார்கள், "கலைக்கணும்னா ஆபரேஷனும் சேர்த்துப் பண்ணிக்கோ" என்பார்கள். அவளோடு நீங்கள் போக வேண்டியது இதற்குத்தான். சண்டை போடாமல், "சட்டத்துல அப்படி இல்லீங்க மேடம், எழுத்துல கொடுங்க" என்று அமைதியாகக் கேட்டால் பெரும்பாலும் வழிவிடுவார்கள். பப்பாளி, எள், எருக்கங்குச்சி, மருந்துக் கடைக்காரர் கணக்கில்லாமல் தரும் மாத்திரை எல்லாவற்றையும் தாண்டித்தான் அவள் உங்களிடம் வந்திருப்பாள். மாத்திரையால் கலைப்பது ஒன்பது வாரம்வரை பதிவுபெற்ற மருத்துவரின் மேற்பார்வையில் சட்டப்படி செய்யக்கூடியது, தவறானதும் அல்ல. எத்தனை வாரம் என்று பார்க்காமல் கடையில் வாங்கிப் போடுவதுதான் ஆபத்து. ஏற்கெனவே போட்டிருந்தால் திட்டாதீர்கள். மணிக்கு இரண்டு நாப்கின் வீதம் இரண்டு மணி நேரம் தொடர்ந்து நனைந்தாலோ, காய்ச்சலோ, தாங்க முடியாத வயிற்றுவலியோ, மயக்கமோ இருந்தாலோ நேரம் பார்க்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

பாவம் என்று சொல்லும் அத்தைமார்களிடம் நான் வாதாடுவதில்லை. "உங்களுக்குத் தெரிஞ்ச யாரும் செஞ்சதில்லையா அத்தை?" என்று மட்டும் கேட்பேன். எல்லோருக்கும் ஒருத்தியைத் தெரியும்.

வயசுக்கு வந்த பெண்பிள்ளை என்றால் இன்னும் கவனம். 18க்குக் கீழ் என்றால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தகவல் கொடுத்தாக வேண்டும், இதை அவளிடமும் அவள் அம்மாவிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பிறகு தெரிந்தால் உங்களை நம்ப மாட்டார்கள். சம்மதத்தோடு நடந்ததாக இருந்தால், அவளும் அவள் பெற்றோரும் கேட்டுக்கொண்டால் மருத்துவர் அந்தத் தகவலில் பெயரைக் குறிப்பிடத் தேவையில்லை என்று அதே 2022 தீர்ப்பு சொல்கிறது, இதையும் தெரிந்துகொண்டு போங்கள். அவசரக் கருத்தடை மாத்திரை 72 மணி நேரத்துக்குள் போட வேண்டியது, சீக்கிரம் போடுவது நல்லது. நம் மாநிலத்து மருந்துக் கடைகளில் அது எளிதில் கிடைப்பதில்லை. எங்கே கிடைக்கும் என்று செவிலியரிடம் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், தேவை வரும்போது தேட நேரம் இருக்காது. வீட்டில் அடி, மிரட்டல் என்றால் 181. உடல்நல ஆலோசனைக்கு 104. குழந்தைகளுக்கு 1098.

நான் செய்த தவறு

இதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுத எனக்கு மனம் வரவில்லை. வேலைக்கு வந்த இரண்டாவது வருடம். ஒரு குழுக் கூட்டத்தில் காப்பர்-டி பற்றிப் பயந்து பேசிக்கொண்டிருந்தார்கள். தைரியம் கொடுக்கலாம் என்று நினைத்து, "ஏன், இந்த அக்கா போட்டு ஒரு வருஷமாச்சே, கேட்டுப் பாருங்க" என்று ஒரு பெண்ணைக் கைகாட்டினேன். அவருடைய நாத்தனார் அதே கூட்டத்தில் உட்கார்ந்திருந்தார். வீட்டில் யாருக்கும் தெரியாது. அந்த வாரமே இழுத்துப் போய் எடுக்க வைத்தார்கள், அடுத்த வருடம் மூன்றாவது பிரசவம். ரொம்பக் காலம் என்னைப் பார்த்தால் தெருவின் மறுபக்கம் போய்விடுவார். அவர் கோபம் நியாயமானது.

அதிலிருந்து சில பழக்கங்கள் வைத்திருக்கிறேன், நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். நோட்டில் பெயர் எழுதுவதில்லை. ஒரு வீட்டில் கேட்டதை இன்னொரு வீட்டில் உதாரணமாகக்கூடச் சொல்வதில்லை, சொன்னால் வேறு ஊர்க் கதையாக, ஆள் தெரியாதபடி மாற்றிச் சொல்வது. போனில் செய்தி அனுப்புவதில்லை, பல வீடுகளில் போன் கணவர் கையில் இருக்கும். மருத்துவமனைக்குக் கூடப் போகும்போது ஊர் பஸ் நிறுத்தத்தில் சேர்ந்து ஏறாமல் அடுத்த நிறுத்தத்தில் ஏறிக்கொள்வது. மருத்துவமனை அட்டையை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம் என்று அவள் சொன்னால் செவிலியரிடமே வைத்துக்கொள்ளச் சொல்வது.

எத்தனை பேரை மாற்றினோம் என்று கணக்கு எழுதச் சொல்லும் இடத்தில் வேலை செய்தால், அந்தக் கணக்குக்காக யாரையும் அவசரப்படுத்தாதீர்கள். எல்லாம் கேட்டுவிட்டு, "எனக்கு இப்பவே பிள்ளை வேணும்க்கா" என்று ஒரு பெண் சொன்னால் சந்தோஷமாகச் சத்து மாத்திரை பற்றிப் பேசுங்கள். அவளே யோசித்து அவளே சொன்னாள், நமக்கு வேண்டியது அதுதான்.

முதல் வாரத்துக்கு மூன்று வீடு போதும். ஏதாவது ஒரு வேலையில் கை கொடுங்கள், "உங்க முதல் பிரசவம் எங்க நடந்துச்சு?" என்று கேளுங்கள், சொல்லி முடிக்கும்வரை இருங்கள், காபி கொடுத்தால் குடித்துவிட்டு வாருங்கள்.